நிற்குமா, நிற்காதா? சத்தத்துக்கு நடுவுல பேச்சை அளந்த கதை

இந்த எபிசோட்ல ஒரு அளவுகோலோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். வெயிலை அளக்க டிகிரி இருக்கு. சத்தத்தை அளக்க டெசிபெல் இருக்கு. ஆனா "அவர் பேசினது எனக்குப் புரிஞ்சுதா?" இதை எதை வெச்சு அளப்பீங்க? அதுவும் அமைதியான ரூம்ல இல்ல. ஹார்ன், எதிரொலி, கூட்டத்தோட இரைச்சல் எல்லாம் சேர்ந்து அடிக்கிற இடத்துல.

இதை அளக்க நூறு வருஷத்துக்கு மேல ஆளுங்க மண்டையை உடைச்சிருக்காங்க. அமெரிக்க டெலிபோன் கம்பெனியில ஆரம்பிக்கிற கதை, பெய்ஜிங்ல ஒரு பெரிய மண்டபத்துக்குப் போய், மைசூர் வழியா நம்ம விழுப்புரம், திண்டிவனத்துக்கு வந்து சேருது.

ஏன் இந்த ரெண்டு ஊர்? முதல் காரணம், அது எங்க பக்கம். ரெண்டாவது, கேக்குறதுக்குக் கஷ்டமான இடம்னா என்னன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. விழுப்புரம் ஜங்ஷன்ல அஞ்சு பக்கம் தண்டவாளம் பிரியுது: சென்னை, விருத்தாசலம் வழியா திருச்சி, கடலூர் வழியா மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியா காட்பாடி, அப்புறம் புதுச்சேரி. தமிழ், இந்தி, இங்கிலீஷ்னு மூணு மொழியில அறிவிப்பு வரும். ஊர்ப் பேரைப் பாருங்க. விழுப்புரம், விக்கிரவாண்டி, விருத்தாசலம் மூணுமே "வி"யில ஆரம்பிக்குது. திண்டிவனம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர், திருச்சி நாலுமே "தி". திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல ஒரு கண்டக்டர் ஊர்ப் பேரை மூணு தடவை, நாலு தடவை அடுக்கிச் சொல்றது சும்மா பழக்கத்துக்கு இல்ல. ஒரு தடவை ஹார்ன்ல போனாலும் இன்னொரு தடவை காதுல விழணும். சத்தம் ஏற ஏற மனுஷன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான்னு 1911-ல எழுதினவர் எத்தியேன் லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர். அவர் பேராலயே இன்னைக்கும் அதை லொம்பார்ட் விளைவுன்னு சொல்றாங்க. நம்ம கண்டக்டருக்கு அந்தப் பேர் தெரியாது, அவ்வளவுதான்.

அர்த்தமே இல்லாத வார்த்தைகள்

1910-ல அமெரிக்க டெலிபோன் கம்பெனி எஞ்சினியர் ஜார்ஜ் கேம்ப்பெல் ஒரு கட்டுரை எழுதினார். டெலிபோன்ல பேச்சு எந்த அளவுக்குப் புரியுதுங்கிறதுதான் விஷயம். இது விளையாட்டு இல்ல, பணம். லைன் நீளமாக நீளமாக குரல் மங்குது. எந்தக் கம்பி, எந்தக் கருவி நல்லதுன்னு முடிவு பண்ணணும்னா "நல்லா இருக்கு, சுமாரா இருக்கு"ன்னு சொன்னா பத்தாது. எண் வேணும்.

அந்த வேலையைப் பெரிய அளவுல எடுத்துச் செஞ்சவர் ஹார்வி ஃபிளெட்சர். ஸ்கூல் இயற்பியல் புத்தகத்துல மில்லிகனோட எண்ணெய்த் துளி சோதனை படிச்சிருப்பீங்க. அந்தச் சோதனையில மில்லிகன்கூட வேலை பார்த்த மாணவர்தான் இவர். 1916-ல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில சேர்ந்தார். 1925-ல அந்த ஆராய்ச்சிப் பிரிவு பெல் லேப்ஸா மாறுச்சு. சோதனை எளிமையானது: ஒருத்தர் லைனோட இந்த முனையில வார்த்தைகளைப் படிப்பார், அந்த முனையில சில பேர் கேட்டதை எழுதுவாங்க. நூறுக்கு எத்தனை சரின்னு எண்ணணும்.

இங்க ஒரு சிக்கல். "இன்னைக்கு மழை..."ன்னு கேட்டாலே அடுத்தது "வரும்"னு மூளை தானா எழுதிடும். காது கேட்டுச்சா, மூளை ஊகிச்சுதான்னு பிரிக்க முடியாது. அதனால அர்த்தமே இல்லாத அசைகளைப் படிச்சாங்க. தமிழ்ல சொன்னா "தப்", "மூக்", "சேன்" மாதிரி. ஊகிக்கிற வழியை அடைச்சுட்டா மிஞ்சுறது லைனோட தரம் மட்டும்தான்.

நம்ம வேலையில சொல்லணும்னா இது யூனிட் டெஸ்ட். மற்ற எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரே ஒரு பாகத்தை மட்டும் சோதிக்கிறது.

மெய்யெழுத்துதான் முதல்ல அடிவாங்குதுன்னு இந்தச் சோதனைகள்ல தெளிவாச்சு. உயிரெழுத்துக்கு சக்தி அதிகம், அது பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ல இருக்கு. "ச", "ஃப" மாதிரி ஒலிகளோட அடையாளம் உயர்ந்த அதிர்வெண்ல இருக்கு, சக்தியும் கம்மி. பழைய டெலிபோன் லைன் கிட்டத்தட்ட 300-ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். போன்ல பேரைச் சொல்லும்போது எழுத்து எழுத்தா சொல்ல வேண்டி வர்றது இதனாலதான்.

நாலு எண்ணைப் பெருக்கு

ஃபிளெட்சர்கிட்ட காலேஜ்ல படிச்சவர் வெர்ன் க்னூட்சன். அவரும் பிறகு மில்லிகன்கிட்ட போனார். கலிபோர்னியாவுல பேராசிரியர் ஆனதும், டெலிபோன் லைனுக்குப் பதிலா பெரிய ஹால்களை இதே முறையில சோதிச்சார். 1929-ல ஒரு சமன்பாடு கொடுத்தார்: 96-ஐ நாலு எண்களால பெருக்கு. முதல் எண் பேச்சோட ஒலி அளவுக்கு, ரெண்டாவது எதிரொலிக்கு, மூணாவது இரைச்சலுக்கு, நாலாவது ஹாலோட வடிவத்துக்கு. ஒவ்வொண்ணும் அதிகபட்சம் 1. ஏன் 96? எல்லாமே நல்லா இருந்தாலும் அர்த்தமில்லாத அசைகள்ல நூத்துக்கு நூறு யாரும் எடுக்கிறதில்ல.

இதுல பெருக்கல்தான் முக்கியம். நாலும் 0.9-னு வெச்சுக்கோங்க. தனித்தனியா பார்த்தா எல்லாமே ஓகே. பெருக்கினா 96 வெறும் 63 ஆகிடும். ஒரு பிளாட்ஃபாரத்துல ஸ்பீக்கரும் சரியா இருக்கலாம், கூரையும் சரியா இருக்கலாம், இரைச்சலும் சுமாரா இருக்கலாம். ஆனாலும் மூணுல ஒரு பங்கு அசை போயிடும். "எங்க சைடு எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு நாலு டீமும் சொல்ற மீட்டிங் ஞாபகம் வருதா?

ரெண்டாம் உலகப் போர் வந்ததும் விஷயம் உயிர் பிரச்சினை ஆச்சு. விமானத்துக்குள்ள என்ஜின் சத்தத்துல கட்டளை புரியணும். ஹார்வர்டுல இதுக்காகவே ஒரு ஒலி ஆய்வகம் நடந்துச்சு. அன்றாடப் பேச்சுல எந்த ஒலி எவ்வளவு தடவை வருமோ, அதே விகிதத்துல வர்ற மாதிரி 50 வார்த்தை கொண்ட பட்டியல்கள் அங்க உருவாச்சு. காது டெஸ்ட்ல இன்னைக்கு வார்த்தைப் பட்டியல் படிக்கிறாங்களே, அதுக்கு வேர் இது.

அங்க இருந்து வந்த ஜார்ஜ் மில்லரும் அவரோட சகாக்களும் 1951-ல வெளியிட்ட சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. பேச்சைவிட இரைச்சல் எவ்வளவு அதிகமா இருந்தாலும் பாதியாவது புரியும்னு பார்த்தாங்க. அர்த்தமில்லாத அசைகளுக்கு, பேச்சு இரைச்சலைவிட சுமார் 3 டெசிபெல் மேல இருக்கணும். வாக்கியத்துக்குள்ள வர்ற வார்த்தைன்னா 4 டெசிபெல் கீழே இருந்தாலும் பாதி புரியும். வெறும் எண்கள்னா 14 டெசிபெல் கீழே இருந்தாலும் பாதி சரி. அதே காது, அதே இரைச்சல். எண்ணுன்னா பத்துல ஒண்ணுதான்னு முன்கூட்டியே தெரியும், அதான் வித்தியாசம். வண்டி எண்ணைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு பிளாட்ஃபாரத்துல நிக்கிறவங்களுக்கு அறிவிப்பு கொஞ்சம் தெளிவா கேக்குறதுக்கு அறிவியல் காரணம் இதுதான்.

மாண்டரின் வந்ததும் அளவுகோல் வளைஞ்சுது

இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ். இப்போ சீனாவுக்குப் போவோம்.

1930-கள்ல பெய்ஜிங்ல இயற்பியல் படிச்ச மா தாயூங்கிற இளைஞர் அமெரிக்கா போய், முதல்ல க்னூட்சன்கிட்ட, பிறகு ஹார்வர்டுல படிச்சு 1940-ல டாக்டர் பட்டம் வாங்கினார். மில்லிகன், ஃபிளெட்சர், க்னூட்சன், மா தாயூ: சங்கீதத்துல சொல்ற மாதிரி ஒரு குரு சிஷ்ய வரிசை. ஊர் திரும்பினவர் கையில 1950-கள் கடைசியில ஒரு பயங்கரமான வேலை வந்துச்சு. 1959-ல திறந்த பெய்ஜிங் மக்கள் பேரவை மண்டபம். உள்ளே பத்தாயிரம் பேர் உட்காரலாம். முன்னாடி ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர் வெச்சா கடைசி வரிசைக்கு எதிரொலிதான் போய்ச் சேரும். அதனால சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை இருக்கைகள் பக்கமே பிரிச்சு வெச்சாங்க. கேக்குறவர் பக்கத்துலயே பேச்சு இருந்தா, எதிரொலியைவிட அது முந்திக்கும்.

ஆனா மண்டபத்தைத் தாண்டி மொழியிலயே ஒரு கேள்வி இருந்துச்சு. மாண்டரின்ல "மாய்"னு குரலைத் தாழ்த்தி ஏத்தினா "வாங்கு". அதே "மாய்" குரலை மேல இருந்து சட்டுனு இறக்கினா "வித்துடு". வாங்குறதுக்கும் விக்கிறதுக்கும் நடுவுல ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல, குரலோட ஏற்ற இறக்கம் மட்டும்தான். அந்த மொழியில ஏற்ற இறக்கத்தை விட்டுட்டா அசைகள் சுமார் 400. அதைச் சேர்த்தா ஆயிரத்துக்கு மேல.

இங்கிலீஷுக்குச் செஞ்ச சோதனையில இந்த ஏற்ற இறக்கத்துக்கு மார்க்கே கிடையாது. மெய் சரியா, உயிர் சரியான்னுதான் பார்க்கும். மாண்டரின்ல அப்படி அளந்தா "வாங்கு"ன்னு சொன்னதை "வித்துடு"ன்னு கேட்டவருக்கும் முழு மார்க் விழும்!

இன்னொரு ஆச்சரியம். ஆம்பளைக் குரலோட அடிப்படை அதிர்வெண் சுமாரா 100, 150 ஹெர்ட்ஸ். டெலிபோன் 300-க்குக் கீழே வெட்டிடும். அப்போ போன்ல சீனமொழியே புரியக்கூடாதே? புரியுது. மேல இருக்கிற மடங்கு அதிர்வெண்களை வெச்சு, இல்லாத அடிப்படையைக் காது தானே கட்டிக்குது. இரைச்சல்லயும் மெல்லிய மெய்யொலிகள் காணாமப் போன பிறகும் இந்த ஏற்ற இறக்கம் தாக்குப்பிடிக்கும். ஒரு இடத்துல பலம், இன்னொரு இடத்துல பலவீனம். 1998-ல காங் ஜியான்ங்கிற ஆய்வாளர் இங்கிலீஷையும் மாண்டரினையும் அதே இடங்கள்ல வெச்சு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு இடத்தோட ஒலித்தரத்துக்கு ஒரே எண் இருந்தாலும் ரெண்டு மொழியும் ஒரே அளவுக்குப் புரியல. அந்த வித்தியாசமும் எதிரொலியில ஒரு மாதிரி, இரைச்சல்ல இன்னொரு மாதிரி.

அதனால மொழிக்கு மொழி தனிச் சோதனை வேணும். லாஸ் ஏஞ்சலஸ்ல 1994-ல இங்கிலீஷுக்காக ஒரு முறை வந்துச்சு. இரைச்சலுக்கு நடுவுல ஒரு வாக்கியம் சொல்லுவாங்க. சரியா திருப்பிச் சொன்னீங்கன்னா அடுத்த வாக்கியத்தோட ஒலியைக் குறைப்பாங்க, தப்புன்னா ஏத்துவாங்க. கொஞ்ச நேரத்துல பாதி சரி, பாதி தப்புங்கிற புள்ளியைச் சுத்தி வந்து நிக்கும். பைனரி சர்ச் எழுதினவங்களுக்கு இது சொந்தக்கார முறை. மாண்டரினுக்கான வடிவம் 2007-ல வெளிவந்துச்சு. அதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ஒண்ணு இல்ல, ரெண்டு வடிவம்: சீன நிலப்பரப்புக்கு ஒண்ணு, தைவானுக்கு ஒண்ணு. பேர் ஒரே மொழி. ஆனா அன்றாடப் பேச்சு வேற, அப்போ வாக்கியங்களும் வேற.

நம்ம பக்கம்

மைசூர்ல 1965-ல அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் ஆரம்பிச்சாங்க. அங்க முதுகலை படிச்ச மாணவர்கள் தங்களோட ஆய்வுக்காக இந்திய மொழிகள்ல வார்த்தைப் பட்டியல்கள் செஞ்சாங்க. தமிழுக்கான ஒலிச் சமநிலைப் பட்டியல் 1976-ல அப்படி ஒரு மாணவர் ஆய்வா வந்ததுதான். யோசிச்சுப் பாருங்க, கோடிக்கணக்கான பேர் பேசுற மொழிக்கான அளவுகோலை டிகிரிக்காக ஒரு மாணவர் உட்கார்ந்து செஞ்சிருக்கார். அதுக்கப்புறம் வாக்கியங்களை வெச்சும் இரைச்சலுக்கு நடுவுலயும் தமிழ்ல ஆய்வுகள் வந்திருக்கு.

தமிழ்ல பட்டியல் போடுறது லேசு இல்ல. இங்கிலீஷ்ல ஓரசை வார்த்தை கொட்டிக் கிடக்கு. நமக்கு கால், பால், மீன், தேள். அதையும் பேசும்போது காலு, பாலு, மீனு, தேளுன்னு ரெண்டசையா நீட்டிடுறோம். குறில் நெடில் மாறினா அர்த்தம் மாறும்: படம், பாடம். ல, ள மாறினா புலி புளி ஆகும். எங்க பக்கம் பழத்தைப் "பயம்"னு சொல்ற பெரியவங்க இருக்காங்க. டெஸ்ட்ல "பழம்"னு கேட்டு, அவங்க "பயம்"னு திருப்பிச் சொன்னா அது சரியா, தப்பா? காது சரியா கேட்டிருக்கும், நாக்கு ஊர் வழக்கத்துல சொல்லியிருக்கும். மார்க் போடுறவருக்கு அந்த ஊர் தெரிஞ்சிருக்கணும்.

இது எனக்கு வெறும் தியரி இல்ல. எங்க ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயசு. ஒரு கிளினிக்ல காது டெஸ்ட் எடுத்தோம். அமைதியான ரூம், ஹெட்ஃபோன், ஒவ்வொரு வார்த்தையா திருப்பிச் சொல்லணும். கிட்டத்தட்ட எல்லாமே சரி. வெளியில வந்து பஸ் ஸ்டாண்டுல நின்னா, பக்கத்துல நிக்கிற என் பேச்சே அவங்களுக்குப் பிடிபடல. "சத்தம்லாம் நல்லாத்தான் கேக்குது கண்ணு. பேச்சுதான் விளங்க மாட்டேங்குது"ன்னாங்க.

இந்த ஒரு வரியில ஃபிளெட்சரோட மொத்த ஆராய்ச்சியும் இருக்கு. வயசானா முதல்ல மங்குறது உயர்ந்த அதிர்வெண். போறது மெய்யெழுத்து. அமைதியில மிச்சத்தை மூளை ஊகிச்சு நிரப்பிடும். இரைச்சல் வந்தா ஊகிக்கிறதுக்கே பிடிமானம் இருக்காது. வாக்கியச் சோதனையில ஒரே ஒரு டெசிபெல் மாறினாலே புரியற அளவு பத்து சதவீதம், சில சமயம் அதுக்கு மேலயும் மாறும். அமைதியான ரூம்ல எடுத்த டெஸ்ட் பொய் சொல்லல. ஆயாவோட கேள்வியை அது கேக்கவே இல்ல. அவங்க கேள்வி "ரூம்ல கேக்குதா?" இல்ல. "பஸ் ஸ்டாண்டுல தனியா போய் வர முடியுமா?"

கடைசி அசை

மாண்டரினுக்கு ஏற்ற இறக்கம் மாதிரி, தமிழுக்குன்னு ஒரு நுட்பமான இடம் இருக்கு: வார்த்தையோட கடைசி. வந்தான், வந்தாள். வரும், வராது. விழுப்புரத்துல இருந்து சென்னை போற எல்லா எக்ஸ்பிரஸும் திண்டிவனத்துல நிக்கிறதில்ல. "இந்த வண்டி திண்டிவனத்தில் நிற்குமா?"ன்னு கேக்குறீங்க. பதில் "நிற்கும்" இல்லைன்னா "நிற்காது". இங்கிலீஷ்லயும் மாண்டரின்லயும் இல்லைங்கிற சொல் வினைக்கு முன்னாடியே தனியா வந்துடும். தமிழ்ல அது வினைக்குள்ளயே, வாக்கியத்தோட வால்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. சாதாரணமா வாக்கியம் முடியும்போது குரல் தணியும். முக்கியமான அசை வர்ற நேரத்துல ஒலி கம்மியாகும், முன்னாடி சொன்ன அசைகளோட எதிரொலி அதுமேல வந்து படுக்கும். அறிவிப்புல "ஒன்றாவது", "மூன்றாவது" ரெண்டுக்கும் பிரச்சினை தலைகீழ்: முதல் அசை ஹார்ன்ல போச்சுன்னா மிச்சம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

அப்போ தமிழுக்கு நல்ல சோதனைன்னா, இருபதோ முப்பதோ வாக்கியம் சரியா திருப்பிச் சொன்னாங்களான்னு மட்டும் எண்ணினா பத்தாது. கடைசி அசையில எத்தனை பிழை, குறில் நெடில்ல எத்தனை பிழைன்னு தனித்தனியா எண்ணணும். இரைச்சலும் ஏதோ ஒரு ஆய்வக இரைச்சலா மட்டும் இல்லாம நம்ம ஊர் இரைச்சலாவும் இருக்கணும். சீனாவும் தைவானும் ஒரே மொழிக்கு ரெண்டு வடிவம் வெச்சிருக்கும்போது, விழுப்புரத்துப் பேச்சுக்கும் நெல்லைப் பேச்சுக்கும் யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கும் ஒரே பட்டியல் போதுமாங்கிற கேள்வியும் நியாயமானதுதான்.

இதைக் கேக்குறவங்கள்ல பாதிப் பேர் கோட் எழுதுறவங்கன்னு எனக்குத் தெரியும். ஏத்தி இறக்குற அந்த அல்காரிதம் ஒரு சாயங்கால வேலை. கஷ்டமானது வாக்கியங்கள். அதுக்கு மொழி தெரிஞ்சவங்களும் காது மருத்துவம் தெரிஞ்சவங்களும் ஒரே மேசையில உட்காரணும்.

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது ரெண்டு. வீட்டுப் பெரியவங்களைக் காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனா, "தமிழ் வார்த்தைகளை வெச்சுப் பார்ப்பீங்களா? இரைச்சல்ல வெச்சும் பார்ப்பீங்களா?"ன்னு கேளுங்க. இரைச்சலான இடத்துல அவங்ககிட்டப் பேசும்போது கத்தாதீங்க. கிட்டப் போய், முகம் பார்த்து, கடைசி அசையை விழுங்காம சொல்லுங்க: நிற்கும். நிற்காது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.